ஷாம்பெய்னில் வந்த வாசனை

அன்புள்ள அம்மா,

உனக்கும் அப்பாவுக்கும் வணக்கம். உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். அறைத்தோழி வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டாள். சத்தமே இல்லை, நிம்மதியாகப் படிக்கலாம்.

எங்கள் ஷாம்பெய்ன் ஆலையில் முதன்முறையாக என்னையும் சுவை பார்க்க உட்கார வைத்தார்கள். பயப்படாதே, வாயில் வைத்துத் துப்பிவிடுவதுதான் வேலை. இந்த வருடத்து ஒயின் மட்டும் என்றால், பச்சை ஆப்பிளைக் கடித்த மாதிரி பல் கூசுகிறது. அதனால் பழைய வருடங்களின் ஒயினையும் கலக்கிறார்கள். எந்த வருடம் வாங்கினாலும் ஒரே சுவை இருக்க வேண்டுமாம்.

கலந்ததை முகர்ந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னம்மா, அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்றார் கலவை அதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள்.

வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும் என்று திட்டுவாயே, அந்த நான்தான் பேசினேன். "எங்கப்பா ரொட்டி அடுப்புல வேலை பாக்குறாரு சார். வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டைல இந்த வாசனைதான் வரும்."

அவர் மறுபடி முகர்ந்தார். "சுட்ட ரொட்டி! சரியா சொன்ன. இன்னும் கொஞ்சம் பழசு சேக்கலாமா?"

"வேணாம் சார், இதுவே போதும்."

இனி எப்போதும் நானும் உட்கார வேண்டுமாம். அப்பாவிடம் மட்டும் இது பழச்சாறு ஆலை என்றே சொல்லி வை.

ஊசி நூலும் தலைவலித் தைலமும் அனுப்பு. கூடவே அப்பாவின் பழைய சட்டை ஒன்று. கேட்டால், அறை துடைக்க என்று சொல்லிவிடு. துவைத்து மட்டும் விடாதே, அம்மா.

பேருந்து வந்துவிட்டது.

உன் மகள்