கூடத்தை அடைத்த பலகை

ஸ்ரீவர்ஷினி,

கூடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் அலைச்சறுக்குப் பலகையைப் பார்த்துக் கத்தாதே. உனக்குத்தான். உன் கடல் வாத்தியார் கிரிதர் காலையில் கொண்டுவந்தார். அதற்கு மாற்றாக, நீ கலர் பார்த்து வாங்கிய குட்டைப் பலகையை எடுத்துப்போக சாயந்திரம் வருவார். கொடுத்துவிடு, அடம்பிடிக்காதே.

போன மாதம் கோவளத்தில் கரையில் நின்று பார்த்தேன். நீ பலகைமேல் படுத்துக் கை போட்டுக்கொண்டே இருக்கிறாய், பலகை முன்னே வரவே இல்லை. கடல் இழுப்பு உன்னைப் பக்கவாட்டில் கொண்டுபோகிறது. அந்த பயத்தில்தான் "இனிமே கடல் பக்கம் போனா காலை ஒடிச்சிடுவேன்" என்றேன். நீ அதோடு என்னிடம் பேச்சை நிறுத்தினாய். நான் கிரிதருக்குப் போன் போட்டேன்.

"குட்டையா மெலிசா இருந்தா பாதி தண்ணிக்குள்ளயே அமுங்கிக்கினு இருக்கும்மா, இழுப்புல கை ஓஞ்சிடும். நீளமா, அகலமா, தடியா இருந்தா மேல மெதக்கும். கை போட்டா வழுக்கிக்கினு போவும்" என்றார்.

அப்புறம் என்ன யோசனை? அப்படி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லிவிட்டேன்.

புளியோதரை அடுப்பு மேல் இருக்கிறது. கிரிதரைச் சாப்பிடாமல் அனுப்பாதே. கொல்லைச் சாவி கோலமாவு டப்பாவுக்கு அடியில். முருகன் மலைக்கோயிலில் இன்று கிருத்திகைக் கூட்டம், நான் வர இருட்டிவிடும்.

– அம்மா

பி.கு. நான் அந்தப் புதுப் பலகைமேல் குப்புறப் படுத்துப் பார்த்தேன். தரையில்தான். சிரிக்காதே.

இன்னொன்று, பலகையின் மூக்கில் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறேன். அசிங்கம் என்று துடைத்துவிடாதே. கடல் கழுவிக்கொள்ளட்டும்.