உயிரோடு இருப்பவளின் பெயர்

2014 செப்டம்பர் 9

எங்கள் யூதப் புத்தாண்டு நெருங்குகிறது. ரொட்டிக் கடையில் தேன் கேக் பெட்டி பெட்டியாகப் போகிறது. நின்று நின்று கால் வீங்கிவிட்டது. வேலை முடிந்து கல் வெட்டுகிறவரிடம் போனேன். அப்பாவின் கல்லறைக் கல் தயார். யூதர்கள் என்பதற்காகப் போரில் கொல்லப்பட்டுக் கல்லறையே இல்லாமல் போனவர்கள் பெயரையும் அப்பா பெயருக்குக் கீழே போடச் சொல்லியிருந்தோம். அப்பாவின் அம்மா ஹிந்தா. தங்கை பேஷா, ஆறு வயது.

பேஷா என்பது என் பெயரும்தான். அந்தக் குழந்தையின் பெயரைத்தான் அப்பா எனக்கு வைத்தார். கடையில் நான் பாலின். பேஷா என்று கூப்பிட அப்பாவும் அண்ணன் யாங்கிலும்தான் இருந்தார்கள். ஜனவரியில் அப்பா போன பிறகு அண்ணன் மட்டும்.

கல்லில் என் பெயரைப் பார்த்ததும் ஓரடி பின்னால் நகர்ந்தேன். "என்னம்மா, எழுத்து தப்பா?" என்றார். இல்லை என்றேன்.

செப்டம்பர் 21

மகள் ரோனா கோடையில் ஒரு குப்பியில் எச்சில் துப்பி ஒரு மரபணுக் கம்பெனிக்கு அனுப்பியிருந்தாள். அதை வைத்துச் சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்துச் சொல்வார்களாம். நமக்கு யார் இருக்கிறார்கள் என்று அப்போதே கேட்டேன்.

இன்று வந்து, "உட்காரும்மா" என்றாள். "போலந்துல ஒருத்தர் நமக்கு ரொம்ப நெருங்கின சொந்தம்னு வந்திருக்கு. அவரோட அம்மாவ சண்டைக் காலத்துல ஒரு பால்காரி எடுத்து வளர்த்தாளாம். தாத்தா ஊருதான். அது தாத்தாவோட தங்கச்சி பேஷாதான். உயிரோட இருக்காங்கம்மா."

சந்தோஷம் வரவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது. பயம்தான் வந்தது.

செப்டம்பர் 22

எங்களில் உயிரோடு இருப்பவர் பெயரைக் குழந்தைக்கு வைக்க மாட்டோம். வைத்தால் மரண தூதன் ஒருவரைத் தேடி வந்து இன்னொருவரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அப்பாவுக்குத் தெரியாததா? ஆனால் அவள் செத்துவிட்டாள் என்றல்லவா நினைத்தார். போதாததற்கு நாங்கள் கல்லிலும் வெட்டி வைத்திருக்கிறோம்.

ரோனா சிரிக்கிறாள். நான் படிக்காதவள், அவள் சிரிக்கலாம். அவளுக்கு வைத்தது செத்துப்போன என் அம்மாவின் பெயர். அவள் பத்திரமாக இருக்கிறாள்.

அக்டோபர் 5

கம்ப்யூட்டர் திரையில் அத்தையைப் பார்த்தேன். அப்படியே அப்பாவின் காது. அங்கே அவள் பெயர் ஹலினா. அவள் மகன் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தான்.

"என் அண்ணன், உன் அப்பா, அவன் கோட்டுல பொத்தான் கிடையாது, கயிறு கட்டியிருந்தான். என்னைத் தூக்கிப் பால் வண்டியில கேனுக்கு நடுவுல வச்சான். இனிமே யார் பேஷான்னு கூப்பிட்டாலும் திரும்பாத, யார் கூப்பிட்டாலும்னு சொன்னான். சண்டை முடிஞ்ச பிறகு ஒருத்தன் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே தெருவுல போனான். நான் திரும்பல."

அப்புறம் அவள் என் பெயரைக் கேட்டாள். பாலின் என்றேன்.

"பொய். அம்மா பேரு பேஷா. உங்க பேருதான்" என்று போட்டு உடைத்தாள் ரோனா. அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்டோபர் 7

அத்தை ஆஸ்பத்திரியில். நெஞ்சு வலி. சொல்லியிருக்கவே கூடாது. நான்தான், என்னால்தான் — வேறு என்ன?

அக்டோபர் 8

எங்கள் மதகுரு ராபியிடம் போனேன். உடம்பு முடியாதவருக்கு இன்னொரு பெயர் வைத்துத் தூதனை ஏமாற்றுவது உண்டு. எனக்கு வேறு பெயர் வையுங்கள், பேஷா வேண்டாம் என்றேன்.

"உடம்பு முடியாதது உங்களுக்கா, அவங்களுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"அவங்க எழுபது வருசமா ஹலினாவா இருக்காங்க. தூதன் வீடு தெரியாம இன்னும் அலைஞ்சுகிட்டிருப்பான்."

நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார். "உங்கப்பா ஆசையா வச்ச பேரு அது. யார்கிட்ட திருப்பிக் குடுக்கப் போறீங்க? போங்க, முதல்ல கல்லச் சரி பண்ணுங்க."

அக்டோபர் 10

"வெட்டின பேர அழிக்க முடியாதும்மா. அந்த இடத்தை இழைச்சு விடலாம், குழியாத் தெரியும்" என்றார் கல் வெட்டுகிறவர். தெரியட்டும், இன்றைக்கே செய்யுங்கள் என்றேன். சத்தம் நிற்கிறவரை வாசலிலேயே நின்றேன்.

அக்டோபர் 19

அத்தை வீட்டுக்கு வந்துவிட்டாளாம். விமானம் ஏறக் கூடாது என்கிறாராம் டாக்டர். ஏறியே தீருவேன் என்கிறாளாம்.

நவம்பர் 22

அத்தை மகனோடு இங்கே மாண்ட்ரியலுக்கு வந்து இறங்கிவிட்டாள். என் தோளுக்குக் கீழேதான் இருக்கிறாள். கட்டிக்கொள்ளக் கை வரவில்லை, கையை மட்டும் பிடித்தேன். சாப்பாட்டு மேசையில் எதிர்க் கோடியில் உட்கார வைத்தேன். அண்ணன் பார்த்துவிட்டான். "நடுவுல ஒரு சுவர் கட்டிடேன்" என்றான். அவனுக்கென்ன. பிராந்திக் கோப்பையை வைத்துக்கொண்டு பேசுகிறான்.

நவம்பர் 23

அப்பாவின் கல்லறைக் கல் திறப்பு. துணியை எடுத்தார்கள். இழைத்த இடத்தில் அத்தை உள்ளங்கையை வைத்தாள். "இங்கதான் இருந்தேனா?" என்று மகனை விட்டுக் கேட்டாள். நான் ஆமாம் என்றேன். எங்கள் வழக்கப்படி அங்கே ஒரு கூழாங்கல்லை வைத்தாள்.

திரும்பும்போது பாதையெல்லாம் பனிக்கட்டி. அவள் முன்னால் போனாள். நான் வேண்டுமென்றே நாலடி தள்ளி வந்தேன். பின்னாலிருந்து அண்ணன் கத்தினான்: "பேஷா, பாத்து! வழுக்கும்!"

திரும்பிப் பார்த்துவிட்டு முன்னால் பார்த்தேன். அவளும் திரும்பி நின்றிருந்தாள்.

என்னைப் பார்க்கவில்லை. அண்ணனையும் தாண்டி, யாரையோ தேடினாள். அப்படித் திரும்பியதில் அவள் கால் வழுக்கியது. எப்படிப் போனேன் என்று தெரியவில்லை, என் இரண்டு கைக்குள்ளும் இருந்தாள். அவள் நெஞ்சு என் கோட்டின் மேல் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் விழவில்லை.

நவம்பர் 24

காலையில் நான் எழுந்தேன். அத்தையின் அறைக் கதவில் காதை வைத்தேன். இருமினாள்.

அப்பாவைப் போலவே சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு டீ குடிக்கிறாள். நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.