விதானையார் குடிபெயர்ந்த வரலாறு

கல்முனை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் இன்ஷாபுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். வாப்பாவின் முழங்காலும் என் பிரஷரும் தத்தம் வழக்கத்தைக் கைவிடாமல் நடத்திவருகின்றன. கத்தாரின் அந்த வெயிலில் நீயும் மருமகளும் பிள்ளையும் நலமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன்.

உன் தங்கச்சி மேனுஜாவின் கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில், ஜும்மாவுக்குப் பிறகு நம் வீட்டு முன் ஹோலில் ஒரு கூட்டம் கூடியது. வாப்பா தலைமை வகித்தார், நானும் மேனுஜாவும் கலந்துகொண்டோம். நெடுநேர ஆலோசனைக்குப் பின், பூனையைப் பின்வளவில் கட்டியிருக்கும் புது வீட்டில் குடியமர்த்துவது என்றும், அது அங்கே தனியே இருக்காது என்பதால் துணைக்கு நாங்கள் இருவரும் உடன் போவது என்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. பூனை கூட்டத்துக்கு வந்திருந்தது. கருத்து எதுவும் சொல்லவில்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். உன் வாப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் கதிரை இழுத்து உட்கார்ந்துகொண்டுதான் என்னைக் கதைக்க விடுவார், அவரைப் பற்றியும் இதில் சில வரிகள் வர இருக்கின்றன. ஆகவே நல்லரெத்தினம் மாஸ்டரின் மகன் தோஹாவுக்குத் திரும்பும்போது பார்சலோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். பிள்ளைக்கு ஒரு வளர்ப்புப் பிராணி வாங்க நினைக்கிறேன், எது நல்லது என்று நீ கேட்டதற்கும் இதிலேயே பதில் கிடைக்கும். நம் பக்கத்தில் மகளுக்கு வீட்டைக் கொடுத்தால் மாப்பிள்ளை அதற்குள் வருவதும் தாய் தகப்பன் பின்வளவுக்கு ஒதுங்குவதும் நீ அறிந்ததுதான், நீயும் அப்படித்தானே நிந்தவூருக்குப் போனாய். மருதமுனை மாப்பிள்ளை றிகாஸின் தாய் சபூறா வீடு பார்க்க வந்தார். கதவைத் திறந்து பார்த்தார், டைல்ஸைத் தட்டிப் பார்த்தார், எல்லாம் திருப்தி. கடைசியில் செற்றியில் படுத்திருந்த பூனையைக் கண்டார். வீடு நல்ல வசதிதான் ராத்தா, ஆனா எங்கட புள்ளைக்குப் பூனை மயிர் பட்டா இழுப்பு வரும், பூனை இரிக்கிற வீட்டுக்கு நான் அவன அனுப்ப மாட்டன் என்று எழும்பிவிட்டார். நாள் குறித்தாகிவிட்டது, ஊருக்கும் சொல்லியாகிவிட்டது. பூனை போக வேண்டும் அல்லது மாப்பிள்ளை போய்விடுவார் என்ற நிலை.

அதற்கு அடுத்த கிழமை வீட்டை மேனுஜாவின் பேருக்கு எழுதி உறுதிப் பத்திரம் முடிக்க நொத்தாரிசிடம் போனோம். என் உம்மா எனக்குத் தந்த வீடு, முப்பது வருஷத்துக்கு மேல் உன் வாப்பா வாழ்ந்த வீடு. அவர் பக்கத்தில் நின்று பேனையைத் திறந்து தந்தார், நான் கையெழுத்து வைத்தேன், வெளியே வந்து ஆளுக்கொரு இளநீர் குடித்தோம், அவ்வளவுதான். பூனையின் விஷயத்தில் மட்டும் யோசிக்கத் தவணை கேட்டார். அந்தத் தவணை முடிந்த அன்றுதான் மேலே சொன்ன கூட்டம்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. நம் வீட்டில் மாப்பிள்ளைதான் எப்போதும் புதிதாக வருகிறவர், பிராணிகள் மூத்தவை. உன் வாப்பா இந்த வீட்டுக்கு வந்த நாளில் வாசலில் ஒரு கிளி இருந்தது. அதற்குத் தெரிந்தது ஒரே வசனம், “செருப்பக் கழத்துங்க.” வெறுங்காலோடு வந்தவர்களும் ஒருதரம் குனிந்து தங்கள் காலைப் பார்த்துக்கொள்வார்கள். புது மாப்பிள்ளையான உன் வாப்பா வெளியே போகும்போதும் அது சொல்ல, கழற்றி வைத்துவிட்டுக் கடைத்தெருவரை வெறுங்காலில் போயிருக்கிறார். அதற்குப் பின் வந்த ஆடு தேர்தல் போஸ்டர் தின்று வளர்ந்தது. எந்தக் கட்சி என்று பார்க்காது, பசை ஈரமாக இருந்தால் போதும். இரண்டு கட்சிக்காரரும் வந்து, அது மற்றவன் வளர்க்கும் ஆடு என்று வாப்பாவிடம் முறையிட்டார்கள். எங்கள் தெருவில் எல்லா வேட்பாளரையும் கடைசிவரை செமித்தது அது ஒன்றுதான். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருஷம் வரிப்பத்தான்சேனையில் உன் சாச்சி வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பும்போது கொண்டுவந்த சேவல் சுபஹுக்குக் கூவியதே இல்லை. பகல் சோறு தின்றுவிட்டு ஊர் கண்ணயரும் நேரம் பார்த்துக் கூவும். அவர் வேற நாட்டு நேரத்தில இரிக்காரு என்று வாப்பா அதற்காக வாதாடினார். ஒருநாள் என் பகல் தூக்கம் மூன்றாம் தரமும் கெட்டது. அன்றைய கறியைக் கடையில் வாங்கிய கோழி என்று உன்னிடம் சொன்னோம். நீ இன்னும் கொஞ்சம் கேட்டாய்.

இப்போதிருக்கும் பூனைக்கு விதானையார் என்று பேர் வைத்தது வாப்பாதான். காரணம் உனக்குத் தெரியும். ஊருக்குப் பொறுப்பான அரசாங்க விதானையாரைப் போலவே காலையும் மாலையும் தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கும், எல்லாவற்றையும் உற்றுப் பார்க்கும், ஒன்றும் செய்யாது. வீட்டில் எலி ஓடினால் எந்தப் பக்கம் ஓடியது என்பதை மட்டும் கவனித்து வைத்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமைகளில் ஆண்கள் பள்ளிக்குப் போகும் நேரம் அது பக்கத்து வீட்டு லூர்தம்மாவிடம் போய்விடும், அவர்களுக்கு அன்றைக்கு இறைச்சி விலக்கு, மீன்தான் சமைப்பார்கள். ஊரில் எந்த மதத்தில் எந்த நாளில் என்ன சாப்பாடு என்பது என்னைவிட அதற்குத் தெரியும்.

தீர்மானத்தின்படி நாங்கள் பின்வீட்டுக்குப் போனோம். வாப்பா அதன் சாக்கைக் கொண்டுபோனார், அது படுக்கும் சாய்மனைக் கதிரையைக் கொண்டுபோனார், கடைசியில் அதையும் கைகளில் ஏந்திக் கொண்டுபோனார். விதானையார் இரண்டு அறையையும் சுற்றிப் பார்த்து, சீமெந்துத் தரையை மணந்து, ஒரு உத்தியோகத்தர் அரைகுறைக் கட்டடத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, மஃரிபுக்கு முன் பழைய வீட்டுக்குத் திரும்பிவிட்டார். மறுநாளும் அப்படியே. மீன் கொண்டுவரும் முருகேசு வாப்பாவிடம், பூனை ஆக்களோட வராது காக்கா, அது சுவரோடதான் இரிக்கும் என்றான். வாப்பா மிகவும் கவலைப்பட்டார். கவலைப்படும்போது மனுசர் இவ்வளவு உற்சாகமாக இருப்பதை நான் கண்டதில்லை. சில நாள் கழித்து முருகேசு என்னிடம் தனியே சொன்னான், காக்கா இப்ப ரெண்டு பங்கு எடுக்கிறார் ராத்தா, ஒண்டு உங்களுக்கு, ஒண்டு விதானையாருக்கெண்டு, விதானையார்ர பங்குதான் பெரிசு என்று. பின்வீட்டில் பூனைக்கு மீன் வைத்ததை நான் காணவில்லை. முன்வீட்டுக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பீங்கானில் சூடைமீன் முள் கிடந்தது. இஞ்சருங்க, இது என்ன என்றேன். காகம் கொண்டுவந்திரிக்கும் என்றார். காகம் பீங்கானில் போட்டுச் சாப்பிடும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. இரவில் அவர் அந்தப் புது அறையில் சுவரைப் பார்த்தபடி விழித்துக் கிடப்பதைக் கண்டிருக்கிறேன், கேட்டால் பெயிண்ட் மணம் என்பார். நான் செய்தது ஒன்றுதான். முன்வீட்டுக் குசினி ஜன்னலுக்குக் கொளுக்கி போட மறந்தேன். கலியாணம் வரை தினமும் மறந்தேன்.

கலியாணத்தன்று மாப்பிள்ளையை முன் ஹோலில், நன்றாகத் துடைத்த செற்றியில் உட்கார வைத்தோம். வீடியோவில் அவர் கண் சிவந்து, லேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்ததை நீ பார்த்தாய், மச்சான் அழுகிறார், இளகின மனுசன் என்று மெசேஜும் போட்டாய். நம் பக்கத்துப் பெண்களும் அப்படித்தான் புகழ்ந்தார்கள். அது விதானையாரின் மயிர். பிறகு சட்டைப் பையிலிருந்து மருந்துக் குழாயை எடுத்து இரண்டு தரம் இழுத்தார், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, நல்ல பிள்ளை. சபூறா பொய் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது, கொளுக்கிக்காக மனதுக்குள் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டேன். மேனுஜா என்னைக் குசினிக்குள் இழுத்துப்போய், நாங்க பின்வீட்டுல இரிக்கம் உம்மா, ரெண்டு அறை காணும், கூட்டுறதும் லேசு என்றாள். உன் வீடு இதுதானேடி என்றேன். உறுதியில இரிக்கட்டும், வாப்பாட முகத்தப் பாருங்க, பெருநாள் மாதிரி இரிக்கி என்றாள். அன்றிரவே சாமான் மாறியது. வாப்பாவின் முழங்காலில் அன்றைக்கு நோவே இருக்கவில்லை, சாய்மனைக் கதிரையைத் தனியே தூக்கி வந்தார்.

எட்டாம் நாள் சபூறா வந்தார். மகன் பின்வளவில் இருப்பதைக் கண்டார், முன்வீட்டு வாசலில் பூனை இருப்பதையும் கண்டார். நீங்க வீட்ட மகளுக்கு எழுதினயா, பூனைக்கு எழுதினயா என்று வாப்பாவைக் கேட்டார். மகளுக்குத்தான், பூனை வாடகைக்கு இரிக்கி என்றார் வாப்பா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். சபூறா மகனின் நெஞ்சில் காது வைத்துப் பார்த்தார், மூச்சு சீராக இருந்தது. தேத்தண்ணி கேட்டார், குடித்தார், அடுத்த கிழமையும் வருவதாகச் சொல்லிப் போனார்.

பிள்ளைக்கு நீ எதையும் வாங்கிக்கொடு மகன், ஆனால் அதற்கு உத்தியோகப் பேர் மட்டும் வைக்காதே, பிறகு இடமாற்றம் செய்ய முடியாது. அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளையும் ஹலாலான பறக்கத்தையும் தருவானாக. பிள்ளைக்கு என் முத்தம். வாப்பாவின் முழங்காலுக்கு அந்தப் பச்சைத் தைலம் அனுப்ப மறவாதே. மச்சான் அழுதது பற்றி நீ எழுதியதைத் திருத்த வேண்டாம், அவருக்கு அது சந்தோசம். மேனுஜாவுக்கென்று செய்வித்த தேக்கங்கட்டில் பின்வீட்டு வாசலால் போகவில்லை. முன்வீட்டிலேயே போட்டிருக்கிறோம். விதானையார் படுக்கிறார்.

இப்படிக்கு,
உன் உம்மா
றாஹிலா