காது கிழிந்த கரடியின் படம்

அன்பு மகளே,

நீ போனை எடுக்கப் போவதில்லை என்று தெரிந்துதான் பேனாவை எடுத்திருக்கிறேன். உன் அம்மாதான். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

ஸ்டுடியோவை வாரத்தில் நான்கு நாள் திறக்கிறேன். பாஸ்போர்ட் படம், அடையாள அட்டைப் படம், அவ்வளவுதான். கல்யாண ஆர்டர் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா இல்லாமல் ஏணி மேல் யார் ஏறுவது? வாசல் விளக்கில் ஒன்று எரியவில்லை. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று நினைத்தே ஐந்து மாதம் ஓடிவிட்டது.

நீ போய் ஐந்து மாதம் என்றும் சொல்லலாம். அப்பாவை மயானத்துக்கு அனுப்பிவைத்த அன்று, ஹாலில் நான் பெரிதாக்கி மாட்டியிருந்த பாஸ்போர்ட் படத்தைப் பார்த்து நீ கத்தினாய். போலீஸ் தேடுற ஆள் மாதிரி இருக்காரு, ஊரையே சிரிக்க வெச்சுப் படம் பிடிச்ச மனுஷனுக்குச் சிரிச்ச படம் ஒண்ணுகூடவா இல்ல என்று கேட்டாய். அவர்தான் எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நின்றாரே. கல்யாணப் படத்தில்கூட, வெளிச்சம் சரியில்லை என்று கேமராக்காரரை முறைத்துக்கொண்டு நிற்கிறார். இல்லை என்றேன். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. கல்லு மாதிரி நிக்கிறியேம்மா என்று சொல்லிவிட்டுப் போனவள்தான் நீ. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

நான் கரடி பார்க்கப் போய்விட்டு வந்தேன்.

ஆமாம், அப்பா எங்கள் இரண்டு பேருக்கும் பணம் கட்டி வைத்திருந்த அதே பயணம்தான். தமிழ்க் குழுவாக வெளிநாட்டுக்கு வழிகாட்டியோடு போய், காட்டுக் கரடியைப் பக்கத்தில் உட்கார்ந்து படம் பிடிப்பது. முப்பது வருஷமா மனுஷ மூஞ்சியையே எடுத்து அலுத்துப்போச்சு, எத்தனை படம் தருவீங்கன்னு கேக்காத ஆளை ஒரு தடவையாவது எடுக்கணும் என்பார். கம்பெனிக்காரர்கள் போன் செய்து எத்தனை பேர் வருகிறீர்கள் என்றார்கள். ஒருவர் என்றேன். ஏன் போனாய் என்று கேட்காதே. வேண்டாம் என்று சொல்லக் காரணம் யோசிக்க வேண்டும், அதற்கும் தெம்பில்லை. உன் அத்தையிடம் சொன்னேன். நீங்களுமா அண்ணி கரடி விட ஆரம்பிச்சிட்டீங்க என்றாள்.

அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். படகில் ஏறும் முன் வழிகாட்டிப் பெண் எல்லாருடைய பையையும் சோதித்தாள். தின்பண்டம் எதுவும் இருக்கக் கூடாதாம், கரடிக்கு மோப்பம் ஜாஸ்தியாம். என் கோட்டின் உள்பையிலிருந்து ஒரு தொண்டை மிட்டாயை எடுத்தாள். அப்பா சப்பிக்கொண்டே இருப்பாரே, அந்தப் பச்சைத் தாள் சுற்றியது. அங்கே இருந்தது எனக்கே தெரியாது. தகர டப்பாவில் போட்டு மூடி, சாயங்காலம் திருப்பித் தருகிறேன் என்றாள். தந்தாள். வாயில் போட்டுக்கொண்டேன். இனித்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

ஆற்றங்கரையில் புல் இடுப்பு உயரம். ஓரிடத்தில் மிதித்துச் சமமாக்கி, குட்டை ஸ்டூல்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். பழைய பட்டியலைப் பார்த்துப் போட்டதால் எனக்கு அடுத்த ஸ்டூல், கடைசி ஸ்டூல், காலி. கேமரா பையை அதில் வைத்தேன். எழுந்து நிற்கக் கூடாது, ஓடக் கூடாது, ஃப்ளாஷ் போடக் கூடாது என்றாள் அந்தப் பெண். ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டால் மட்டும், யார் பக்கம் வருகிறதோ அவர் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். மனுஷன் இருக்கிறான் என்று தெரிந்தால் அது பாட்டுக்குப் போய்விடும். என்ன பேசுறது என்று எங்களோடு வந்த பல் டாக்டர் கேட்டார். வாய்ப்பாடுகூடச் சொல்லலாம் என்றாள்.

ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்த கரடி என் பக்கம்தான் வந்தது. மீனைத் தின்று முடித்துக் குட்டியோடு கரையேறி, காலி ஸ்டூலுக்கு அந்தப் பக்கம் பத்தடியில் நின்றது. நனைந்த கம்பளி நாற்றம். மூச்சு விடுவது கேட்டது. வலது காது பாதி கிழிந்திருந்தது. ஐயோ அம்மா என்று அலற வேண்டும், கை நடுங்க வேண்டும், இல்லையா? ஒன்றுமில்லை. அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். எனக்கும் சேர்த்துப் பல் டாக்டர் நடுங்கினார்.

பேசுங்க என்று வழிகாட்டி மெதுவாகச் சொன்னாள். ஐந்து மாதமாக கஸ்டமரைத் தவிர யாரிடம் பேசினேன்? வாய்க்கு வந்தது அதுதான். நேரா பாருங்க, தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, ரெண்டு காதும் தெரியணும் என்றேன். வரிசை முழுக்கச் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கியது. பயத்திலும் சிரிப்பு வருகிறது பார். அடுத்து வழக்கமாக நான் சொல்வது, சிரிக்காதீங்க. அதற்கு வாயெடுத்தேன், வரவில்லை. வழிகாட்டி என் முதுகில் கை வைத்து, நிறுத்தாதீங்க என்றாள். பரவால்ல, சிரிங்க, நல்லா சிரிங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னேனாம். கரடி புல்லுக்குள் மறைந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேனாம். அவள் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் நூற்றுப் பன்னிரண்டு படம். அத்தனையும் தலையும் தோளும். ஆறு இல்லை, புல் இல்லை, அதன் பின்னாலேயே நின்ற குட்டிகூட இல்லை. அப்பா பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

நீ கேட்ட அப்பாவின் சிரித்த படம் இருந்தது. ஒன்றல்ல, மூன்று.

இந்தப் பயணத்துக்காகத்தான் அவருக்குப் பாஸ்போர்ட் எடுத்தோம். அவர் ஸ்டூலில், நான் கேமராவுக்குப் பின்னால். கரடி பார்க்கப் போற மூஞ்சியா இது என்று நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் கேட்டேன். சிரித்தார். ஈறு வரைக்கும் தெரிய, கண் இரண்டும் காணாமல் போகச் சிரித்தார். மூன்று முறை எடுத்தும் அதே. வெளியே ஆள் காத்திருக்காங்க, சிரிக்காதீங்க என்று எரிந்து விழுந்தேன். நாலாவதில் வாயை மூடிக்கொண்டார். அதுதான் ஹாலில் தொங்குகிறது. கெட்டுப்போன படத்தை அப்போதே அழித்துவிடுவது என் பழக்கம், உனக்குத் தெரியும். மூன்றையும் அழித்தேன். அவர் போனதும், நீ வந்து சேருவதற்குள், கேமரா கார்டை எடுத்துக்கொண்டு இரண்டு கடை ஏறி இறங்கினேன். அதற்கு மேல் எத்தனையோ முகம் பதிந்துவிட்டது, இனி வராது என்றார்கள். நீ கேட்டபோது இதை எந்த வாயால் சொல்வேன்? இல்லை என்றேன்.

இப்போதும் அழவில்லை. அழ வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை.

கரடி படம் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் கார்டில் இருக்கிறது. ஒன்றைக்கூட அழிக்கவில்லை.

உன் கோபத்தை விடு என்று கேட்க எனக்கு முகமில்லை. உன் படம் ஒன்று மட்டும் எடுத்து அனுப்பு. நேராகப் பார்க்க வேண்டாம். காது தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கை ஆடிக் கலங்கியிருந்தாலும் பரவாயில்லை. சிரித்தால் நீ அப்படியே அப்பாதான் என்று எல்லாரும் சொல்வார்கள்.

இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

உன் அம்மா