ரத்தம் எந்தப் பக்கம் போச்சு?

பிப்ரவரி 4, ஞாயிறு

என் கண்ணுக்கு,

ஆண்டவன் புண்ணியத்தில் இங்கு சுகம். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உன் கல்லூரி வகுப்பில் நானூறு பிள்ளைகள், மூன்று பெரிய திரை, இதயம் அப்படியே சுழலும் படம். இத்தனை இருந்தும் ஒருத்தர்கூட வாயைத் திறப்பதில்லையா? வியாழக்கிழமை துறைத் தலைவர் வந்து உட்காரும்போதும் வகுப்பு ஊமையாக இருந்தால், உன்னை எடுத்துவிட்டுப் பதிவு செய்த வீடியோவையே ஓட்டிவிடுவார்கள் என்கிறாய். அதையும் பார்த்துவிடலாம். வகுப்பை நேரலையில் பார்க்க நீ அனுப்பிய இணைப்பு என் போனில் திறக்கிறது. மாதச் செலவில் டேட்டாவுக்கும் பணம் ஒதுக்கியாகிவிட்டது. சாமி கும்பிட்டுவிட்டு முதல் ஆளாக உட்காருவேன்.

உன் அம்மா

பிப்ரவரி 9, வெள்ளி

அன்புள்ள அம்மா,

போனில் பேசினால் சிரித்தே கெடுத்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நேற்று நீ எழுதி அனுப்பினாயே, அது எனக்கு மட்டும் வருகிற பெட்டி இல்லை. மாணவர்கள் பெயர் சொல்லாமல் கேள்வி கேட்கிற பெட்டி. இதுவரை யாரும் தொட்டதில்லை. மூன்று திரையிலும் கொட்டை எழுத்தில் வந்தது: "கண்ணு, ரொம்ப வேகமா போற. ரத்தம் எந்தப் பக்கம் போச்சுன்னே தெரியல. சாப்பிட்டியா?"

அரங்கமே சிரித்தது. அந்தக் கேள்விக்குக் கீழே 'எனக்கும்' என்று ஒரு பொத்தான் உண்டு. முதலில் ஒருவர் அழுத்தினார். அப்புறம் மளமளவென்று முந்நூறைத் தாண்டியது. பின்வரிசையில் துறைத் தலைவரும் அழுத்தினாராம். புரியாததற்கா, சாப்பிடாததற்கா என்று அவர் சொல்லவில்லை.

படத்தை நிறுத்திவிட்டு மேடையைவிட்டு இறங்கினேன். நாலு பேரை இதயத்தின் நாலு அறைகளாக நிற்க வைத்தேன். மற்றவர்கள் ரத்தமாக நடந்தார்கள். "மேடம், நான் நுரையீரலுக்குப் போகாமலே திரும்பிட்டேன்" என்றாள் ஒருத்தி. நேரம் முடிந்தும் யாரும் கிளம்பவில்லை.

"இதை வீடியோ செய்யாது. நீங்களே நடத்துங்க" என்றார் தலைவர்.

கேள்வி கேட்டது யார் என்று பிள்ளைகள் இன்னமும் துளைக்கிறார்கள். நான் சொல்லவில்லை.

உன் மகள்

பிப்ரவரி 13, செவ்வாய்

என் கண்ணுக்கு,

போனில் எனக்குத் தெரிந்ததெல்லாம் காலி மேடையும் சிரிப்புச் சத்தமும்தான். நீ அழுதுகொண்டே போய்விட்டாய் என்று நினைத்து, போன் போடவும் தைரியம் வராமல், கடிதம் வரும்வரை சாமி படத்தைவிட்டு நகரவில்லை. இப்போது அந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டியாயிற்று.

யாரென்று தாராளமாகச் சொல்லு, எனக்கென்ன வெட்கம்? நுரையீரல்வரை பிடிபட்டுவிட்டது, திரும்பி வருகிற வழிதான் குழப்பம். வியாழக்கிழமை மறுபடி கேட்பேன். சிரிக்கட்டுமே. சிரிக்கிற பிள்ளை தூங்கவில்லை என்றுதானே அர்த்தம்.

என் கேள்வியில் பாதிக்குத்தான் பதில் வந்திருக்கிறது. அன்றைக்குச் சாப்பிட்டாயா, இல்லையா?

அம்மா