கட்டிலுக்கு எதிரே ஒத்திகை

என் வாயாடி மகளுக்கு,

மந்திரம் வேண்டாம், புரோகிதர் வேண்டாம், நீங்களே முன்னால் நின்று கல்யாணத்தை நடத்தி வையுங்கள் என்று சொல்லிவிட்டாய். சாமி கும்பிடாத வீடுகளில் சாவு விழுந்தால், சடங்குக்குப் பதிலாக நாலு வார்த்தை பேசக் கூப்பிடுவது என்னைத்தான். கல்யாண வீட்டில் ஒருநாளும் பேசியதில்லை.

நேற்று அம்மாவுக்கு மருந்து கொடுத்துவிட்டு, அவள் கட்டிலுக்கு எதிரே நின்று ஒத்திகை பார்த்தேன். ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. நீ மாப்பிள்ளையின் காலில் சைக்கிளை ஏற்றியது, அவர் நொண்டிக்கொண்டே கழன்றுபோன சைக்கிள் செயினை மாட்டிக் கொடுத்தது எல்லாம் சொன்னேன். முடிக்கும்போதுதான் பழக்கதோஷத்தில், "எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமா நில்லுங்க" என்றுவிட்டேன்.

அம்மா சிரித்தாள். அது இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆனது.

"அதை எனக்கு வச்சுக்கோங்க. எனக்கும் நீங்கதான் பேசணும். ரொம்பப் புகழ்ந்து தள்ளிடாதீங்க" என்றாள். நான் தலையணை உறையை மாற்றப் போய்விட்டேன்.

தேதியை முன்னால் கொண்டுவர முடியுமா என்று மாப்பிள்ளை வீட்டில் கேள். மண்டபம் கிடைக்காவிட்டால் நம் கூடமே போதும். கட்டிலைச் சுற்றி நாற்காலி போட்டுக்கொள்ளலாம். காரணம் கேட்டால், அப்பா ஒரு அவசரக்குடுக்கை என்று சொல்.

உன் கல்யாணத்தில் ஜமாய்த்துவிடுவேன், பயப்படாதே. அம்மா கேட்டதற்கு மட்டும் வேறு ஆளைப் பார்த்து வை. அன்றைக்கு எனக்கு வாய் வராது.

உன் அப்பா