ஒரே நாய்க்கு இரண்டு தட்டுகள்

அன்புமிக்க அக்கா அவர்களுக்கு,

இன்று காலை தங்கள் மருமகள் ஒரு புகைப்படத்துடன் என் வீட்டிற்கு வந்தாள். தங்கள் பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்ததாம்; பாச்சை உருண்டையின் வாசம் அதை விட்டு இன்னும் அகலவில்லை.

"இன்னா சித்தி இது, ஆளே இல்லாத போட்டோ? ஒரு முக்காலி, ஒரு கழுத்துப் பட்டை, ரெண்டு தட்டு. இதப் போயி அத்தை பொத்திப் பொத்தி வெச்சிருக்குது!"

இறந்துபோன என் நாயின் நினைவாக எடுத்த படம் என்று மட்டும் சொன்னேன்.

நான் 'வேந்தன்' என்று பெயரிட்டு வளர்த்த நாயை, அடுத்த வீட்டிலேயே இருந்த தாங்கள் ஒரு நாளும் அப்பெயரால் அழைத்ததில்லை. தங்களுக்கு அவன் 'கருவாயன்'. பள்ளி செல்லாமலே தமிழ் கற்ற செருக்கில், அவனுடைய உணவு ஒழுக்கத்தைத் தங்களிடம் எத்தனை முறை வியந்துரைத்திருப்பேன்! இரவு வானொலிச் செய்தி முடிந்ததும் சோறிடுவேன். பாதி உண்டு, மீதியை விட்டு எழுந்துவிடுவான். "அளவறிந்து உண்பவன் அக்கா இவன். தாங்கள் கவனித்திருக்கிறீர்களா?" என்பேன்.

"தாங்களாம், தூங்களாம்! நான் இன்னா கலெக்டராடி?" என்று சிரிப்பீர்கள். வேறொன்றும் சொல்லமாட்டீர்கள்.

மழைக்காலக் காய்ச்சலில் அவன் இறந்த பிறகுதான், அவனுக்கென்று ஒரு படம்கூட இல்லை என்பது எனக்கு உறைத்தது. அவன் பொருள்களையாவது படமெடுத்து வைக்க எண்ணி, கழுத்துப் பட்டையையும் ஈயத் தட்டையும் கடைவீதி ஸ்டூடியோவுக்கு எடுத்துச் சென்றேன். படம் பிடிப்பவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"நாய் எங்கம்மா?"

"இறந்துவிட்டது."

"அப்ப யாரப் படம் புடிக்கறதும்மா?"

குழந்தைகளை உட்கார்த்தும் முக்காலியில் பொருள்களை நானே அடுக்கினேன். அந்நேரம் தாங்கள் வந்தீர்கள். எவரும் அழைக்கவில்லை. முந்தானைக்குள்ளிருந்து விளிம்பு நசுங்கிய ஒரு பித்தளைத் தட்டை எடுத்து, என் தட்டின் அருகில் வைத்தீர்கள்.

"இது எதற்கு அக்கா?"

"அவன் தட்டு."

"ரெண்டு நாயாம்மா?" என்றார் அவர். "ஒண்ணுதாங்க" என்றீர்கள் தாங்கள். "ஒன்றுதான்" என்றேன் நானும், அதே நொடியில்.

தங்கள் சமண வீட்டில் பொழுது ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்குமுன் சாப்பாடு முடிந்துவிடும். அதன்பின் கொல்லைப்புறத்தில் அவனுக்கும் ஒரு தட்டு விழுந்திருக்கிறது, நாள் தவறாமல். நான் ஒழுக்கம் என்று போற்றியது, வயிறு நிறைந்தவனின் அரைப்பசி.

ஏன் அக்கா சொல்லவில்லை? என் பெருமையைக் கெடுக்க மனம் வராமலா? சொன்னால் அவனை அந்தப் பக்கம் விடமாட்டேன் என்ற அச்சமா? "நான் எதையும் வளக்கலடி. பசின்னு வந்தா போடறேன், அவ்ளோதான்" என்று ஸ்டூடியோவிலிருந்து திரும்பும் வழியில் சொன்னீர்கள். வளர்க்காத நாயின் தட்டைப் படமெடுக்கக் கொண்டுவருவார் உண்டா? கேட்டிருக்கலாம். அன்று கோபம், பிறகு கூச்சம், இப்போது தாங்கள் இல்லை.

மருமகள் வந்ததன் காரணம் வேறு. மாலையிட்டு மாட்டத் தங்களுக்கும் ஒரு படம் இல்லையாம்.

"நாய்க்கு எடுத்தாப்புல அத்தைக்கும் எடுத்துடலாம் சித்தி. மூக்குக் கண்ணாடி, ஜபமாலை எடுத்து வெச்சிட்டேன். வேற இன்னா வெக்கலாம்? உங்களுக்குத்தான் அவங்கள நல்லாத் தெரியும். நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்." படியிறங்கும்போது பெருமையாகச் சொன்னாள்: "எங்க அத்தை அடுத்த வூட்ல ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல, தெரியுமா?"

நான் தலையசைத்தேன்.

பிற்பகல்தோறும் என் அடுக்களையில், தண்ணீரைத் தங்கள் கையாலேயே துணியில் வடிகட்டி, காப்பி போடச் சொல்லி, சர்க்கரை போதவில்லை என்று குறை கூறிக் குடித்தவர் யார் அக்கா? தங்களுக்கென்றே நான் வாங்கிய வெள்ளி விளிம்பிட்ட டம்ளர் இதோ இருக்கிறது. தங்கள் வீட்டில் மாலைக் காப்பியைப் பாதியில் வைத்தபோது, வயதாகிவிட்டது என்று அவர்கள் கவலைப்பட்டிருப்பார்களோ?

இதை அந்த முக்காலியில் வைத்தால், தாங்கள் காத்த ஒன்றை நான் உடைத்தவளாவேன். வைக்காவிட்டால், படத்தில் இருப்பவர் நான் அறிந்த அக்கா அல்லர். தாங்கள் எதை விரும்புவீர்கள் என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. இத்தனை ஆண்டு பழகியும் இயலவில்லை.

டம்ளரைப் புளியிட்டுத் துலக்கி மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நாளை வாசலில் "சித்தி" என்ற குரல் கேட்கும். இதை முந்தானைக்குள் வைத்தபடி எழுந்து நடப்பேன். அங்கே போய் வெளியே எடுப்பேனா என்பது எனக்கே தெரியவில்லை, அக்கா.